அவள் பக்கத்து வரி

மாடியில் பெட்டிகளை ஒட்டியாகிவிட்டது. வாய் திறந்து கிடந்தது ஒன்றே ஒன்றுதான். அதில் நாலைந்து டம்ளர்களும் ஒரு பால் பாத்திரமும் இருந்தன. கிளம்பும் நாள் காலையில் காபி குடித்துவிட்டு அதையும் ஒட்டிவிடலாம் என்று சின்னவளின் கணவன் சொல்லியிருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஏற்றுவதும் இறக்குவதும் அவனுக்கு ஒரு விஷயமே இல்லை.

"வேலைக்குப் பக்கமா இருக்கும்." வீடு மாறுவதற்கு அவன் எல்லோரிடமும் சொன்ன காரணம் இதுதான். சின்னவளும் அதையே சொன்னாள். கீழ் வீட்டில் அவன் அண்ணனும் அண்ணியும் நம்பிவிட்டதுபோலத் தலையாட்டினார்கள். அத்தை மட்டும் விடவில்லை.

"பஸ்ஸுல ரெண்டு ஸ்டாப் மிச்சம். அதுக்கு இத்தனை பெட்டியா?"

பதில் வரும் என்று அத்தை கேட்கவில்லை.

இந்த வீட்டுக்குள் இன்றுதான் காலெடுத்து வைக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே இரண்டு மருமகள்களும், கீழ் வீட்டுப் பெரியவளும் மாடியில் சின்னவளும், பேசிக்கொள்வதில்லை. சண்டை நடக்கவில்லை. யாரும் குரலை உயர்த்தவில்லை. பேச்சு நின்றது, அவ்வளவுதான்.

காரணம் சின்னவளின் வாய். அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, யாரிடமும் சொல்லாமல், பெரியவள் அங்கே வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். கர்ப்பம்தான் என்ற முடிவை முதலில் பார்த்தவள் சின்னவள். பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்த கையோடு போனை எடுத்து அத்தையிடம் சொல்லிவிட்டாள்.

அத்தை பெரிய மகனிடம் சொன்னார். பெரியவளின் கணவர் அவர்; பஸ் டிரைவர். டிப்போவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு இனிப்புப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றார். முடிவை வாங்கிக்கொண்டு, புருஷனிடம் எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த பெரியவளுக்குச் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

சில வாரங்களில் அந்தக் கரு தங்காமல் போனது. கேள்விப்பட்ட அத்தனை பேருக்கும் மறுபடி ஒரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது தடவை, பெரியவளேதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் சின்னவளோடு பேசவில்லை.

குடித்தனம் நடக்க வேண்டுமே. "கேஸ் தீர்ந்துடுச்சு," என்று பெரியவள் கதவைப் பார்த்துச் சொல்வாள். "புதுசுக்குச் சொல்லியாச்சு," என்று சின்னவள் மாடிப்படியைப் பார்த்துச் சொல்வாள்.

"எங்க வீட்டுல கதவுக்கும் படிக்கும் ரொம்ப ஒத்துமை," என்பார் அத்தை.

*

வீடு மாறுவதற்கு முந்தின நாள் காலை, பரிசோதனை நிலையத்தில் கூட்டம் குறைவு. வெறும் வயிற்றோடு வந்தவர்களை அனுப்பிவிட்டு, சின்னவள் ரத்தம் பிடித்த குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு லீவுதானே? வீடு மாத்தறேன்னு சொன்னியே," என்றார் சீனியர். மூக்கில் ஒன்று, தலையில் ஒன்று என்று எப்போதும் இரண்டு கண்ணாடியோடு இருப்பதால் அவருக்கு அங்கே டபுள் மேடம் என்று பெயர்.

"ஆமா மேடம்."

"முகத்துல ஒரு களையே இல்லையே."

"பெட்டி கட்டிக் கட்டி அலுத்துப் போச்சு மேடம்."

"பெட்டி கட்டினது உன் வீட்டுக்காரர்னு நேத்துதானே சொன்னே?"

சின்னவள் குனிந்து அடுத்த சீட்டை ஒட்டினாள். டபுள் மேடம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

முடிவைச் சம்பந்தப்பட்டவரிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று சுவரில் எழுதி மாட்டியிருந்தது. போன வருஷம் அதை அவள் மறந்தாள். இந்தத் தடவை ஒரு புள்ளி பிசகாமல் கடைப்பிடித்தாள். இந்த வாரத் தொடக்கத்தில் ஒரு முடிவு வந்தது. சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் தெரிவித்தாகிவிட்டது. சம்பந்தப்பட்டவர் அவள்தான்.

அவள் கணவனுக்குத் தெரியாது. அவனிடம் சொன்னால் லிஃப்ட் மாதிரி நேராகக் கீழே இறங்கி அண்ணனிடம் சொல்லிவிடுவான். அண்ணன் டிப்போவில் சொல்வார். கடைசியாகப் பெரியவளின் காதுக்கு அது யாரோ ஒருவர் வாயிலிருந்து போய்ச் சேரும். இன்னொரு தடவை அப்படி நடக்கக் கூடாது. தன் வாயால், நேரில், பெரியவளிடம் முதலில் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்த வீட்டிலிருந்து பெட்டி இறங்கக் கூடாது.

இன்றைய சாயங்காலம்தான் மிச்சம். பேசாத ஒருவரிடம் இதை எப்படிச் சொல்வது? கதவைப் பார்த்தா?

*

அந்த வீட்டில் ஒரே ஒரு நேரம் இருவரும் எதிரெதிரே உட்கார்வார்கள். விளக்கு வைக்கும் நேரம்.

அம்மனைப் போற்றி ஒரு துதி. அத்தை தன் அம்மா சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்தது. எங்கேயும் எழுதி வைத்ததில்லை. இரண்டு மருமகள்களும் அந்த வீட்டுக்கு வந்த பிறகு காதால் கேட்டுக் கேட்டே படித்தார்கள். இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார வேண்டும். ஒரு பக்கம் ஒரு வரி, மறுபக்கம் அடுத்த வரி. கோத்துக்கொண்டே போகும். நடுவில் ஒரு வரியை மட்டும் தனியாகச் சொல் என்றால் மூவருக்கும் வராது. முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தால் தானாக வந்து வாயில் நிற்கும்.

அத்தையும் பெரியவளும் ஒரு பக்கம். சின்னவளும் எதிர்வீட்டு டீச்சரும் மறுபக்கம். பேச்சு நின்ற பிறகும் இது மட்டும் நிற்கவில்லை. "என்கிட்டயும் பேச வேணாம், அவகிட்டயும் பேச வேணாம். அம்பாள்கிட்ட என்ன கோபம்? வந்து உக்காருங்க," என்று அத்தை சொல்லிவிட்டார்.

அவர் விதித்தது இரண்டே விதி. துதிக்கு நடுவில் பேசக் கூடாது. ஒரு பக்கம் தப்பாகப் போனால் மறுபக்கம் திருத்தக் கூடாது, கூடவே போக வேண்டும்.

"தப்பானாலும் சேர்ந்து தப்பாகணும். அவ ஒரு வழி, நீ ஒரு வழின்னு போனா அதுக்குப் பேரு துதி இல்லடி, வாக்குவாதம்."

இப்போது அத்தைக்குக் கண்ணில் ஆபரேஷன். மகள் வீட்டில் இருந்தார். டீச்சர் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். வேலை முடிந்து சின்னவள் மாடி வீட்டுக்குள் நுழையும்போதே கையிலிருந்த போன் அடித்தது.

"சின்னவளே, விளக்கு வச்சாச்சா?"

"இனிமேதான் அத்தை. கண்ணு எப்படி இருக்கு?"

"கண்ணுக்கு மூடி போட்டு வச்சிருக்காங்க. காதுக்கு ஒண்ணும் போடல. போனை விளக்குப் பக்கத்துல வச்சுட்டுச் சொல்லுங்க. நான் படுத்துக்கிட்டே கேட்டுக்கறேன். நான் குறுக்கே பேச மாட்டேன்."

"சரி அத்தை."

"ரெண்டு பேர்தானே இருக்கோம், இன்னிக்கு வேணாம்னு சுருட்டிடாதீங்க."

அதைத்தான் சின்னவளும் பயந்தாள். பெரியவள் ஏதாவது காரணம் சொல்லி, அதாவது கதவிடம் சொல்லி, உள்ளே போய்விட்டால் சாயங்காலமும் போய்விடும்.

உடை மாற்றக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல், கை கால் கழுவி, வேலைக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையோடு கீழே வந்தாள். அந்தச் சட்டையைத் தைத்தது பெரியவள். பேசிக்கொண்டிருந்த காலத்தில் தைத்தது.

பெரியவள் உள்ளறையில் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தாள். துணிக்கடையில் வாங்கிய உடுப்பு பொருந்தவில்லை என்றால் அந்தத் தெருவில் எல்லோரும் வருவது அவளிடம்தான். நீளத்தைக் குறைப்பாள், இடுப்பைப் பிடிப்பாள், பிரித்து விடுவாள். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு எழுந்து வந்தாள். விளக்கை ஏற்றினாள். மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தாள்.

"இது ஓடினா விளக்கு நிக்காது," என்று விசிறியிடம் சொன்னாள்.

"நிறுத்திடலாம்," என்று சின்னவளும் விசிறியிடமே சொல்லிவிட்டு அணைத்தாள்.

இணைப்பில் இருந்த போனை ஸ்பீக்கரில் போட்டு விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பெரியவளுக்குப் பக்கத்தில் அத்தையின் பாய் விரித்தபடி காலியாகக் கிடந்தது.

பெரியவள் ஆரம்பித்தாள்.

*

நல்ல குரல். கொஞ்சம் அடித்தொண்டை. அத்தையின் கணீர்க் குரலுக்கு அடியில் ஒளிந்தே இருந்ததால், அது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று சின்னவளுக்கு மறந்து போயிருந்தது.

ஒரு வரி அவள், ஒரு வரி இவள். இத்தனை மாதத்தில் அவர்களுக்கு நடுவே வேறு யாருடைய குரலும் இல்லாதது இன்றுதான். ஒருத்தி முடிக்கும் இடத்தைக் கவனித்தால்தான் மற்றவள் எடுக்க முடியும். மூச்சு எங்கே வாங்குகிறாள் என்று பார்க்க வேண்டும். அதனால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஆக வேண்டியிருந்தது.

துதி முக்கால்வாசி வந்துவிட்டது. சின்னவள் தன் வரியைச் சொன்னாள்.

"விதையெல்லாம் அறிந்தவளே, வேரெல்லாம் நனைப்பவளே."

பெரியவள் எடுத்தாள். "இருளெல்லாம் கரைப்பவளே..."

குரல் ஒரு நொடி நின்றது. பிறகு, "கரையில் ஒளி வைப்பவளே," என்றாள்.

தப்பு. அது முன்னால், பாதி வழியில் சொல்லி முடித்த வரி. இரண்டு வரிகளுக்கும் தலை ஒன்றுதான், வால்தான் வேறு. மரபணுச் சங்கிலியில் ஒரே மாதிரித் துண்டு இரண்டு இடத்தில் இருந்தால் நகல் எடுக்கும்போது அங்கேதான் பிசகும் என்று சின்னவள் கல்லூரியில் படித்திருந்தாள். துதியிலும் அப்படித்தான். ஆனால் இத்தனை நாளில் யாரும் இந்த இடத்தில் பிசகியதில்லை.

திருத்தக் கூடாது. கூடவே போக வேண்டும்.

"அலைமேலே நடப்பவளே, அடிநனையாதிருப்பவளே," என்றாள் சின்னவள். துதி பாதி வழிக்குத் திரும்பிப் போயிற்று.

சொன்னதையே மறுபடி சொல்லிக்கொண்டு வந்தார்கள். மறுபடி விதை வந்தது, வேர் வந்தது.

"இருளெல்லாம் கரைப்பவளே..." பெரியவள் நின்றாள். "கரையில் ஒளி வைப்பவளே."

மறுபடி அலை.

பேசிக்கொள்கிறவர்களாக இருந்தால் ஒரு கண்ஜாடை போதும். இருவரும் சிரித்துவிட்டுச் சரியான வரிக்குத் தாவியிருப்பார்கள். இவர்கள் பேசாதவர்கள். எனவே மரியாதையாக இன்னொரு சுற்று வந்தார்கள். இப்படியே போனால் காலையில் சாமான் ஏற்றும் வண்டி வந்து நிற்கும்போதும் அலைமேலே நடந்துகொண்டிருக்க வேண்டியதுதான் என்று சின்னவளுக்குத் தோன்றியது. உதடு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

போனிலிருந்து சத்தமே இல்லை. அத்தை தூங்கிவிட்டார் போல.

அந்தச் சுற்றில்தான் சின்னவள் பெரியவளின் வாயைக் கவனித்தாள். "இருளெல்லாம் கரைப்பவளே" என்று சொல்லிவிட்டு உதடு சரியான எழுத்துக்குத்தான் குவிந்தது. பிறகு வேறு வரி வந்தது. அவள் மறக்கவில்லை. அந்த வரியின் வாலைச் சொல்ல அவளால் முடியவில்லை.

அந்த வால் இதுதான்: "கருவில் உயிர் காப்பவளே."

இத்தனை மாதமும் அந்த இடத்தில் அத்தையின் குரல் ஓங்கிக் கேட்டிருக்கிறது. அதற்கு அடியில் பெரியவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். எதிரே உட்கார்ந்திருந்த தனக்குத் தெரியவே இல்லை. இன்று பாய் காலி. வரி அவள் ஒருத்தி தலையில் விழுந்துவிட்டது. எழுந்து போகவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. அதனால் வந்த வழியே திரும்பித் திரும்பிப் போகிறாள்.



மறுபடி அந்த இடம் நெருங்கியது. பெரியவளின் கண் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"விதையெல்லாம் அறிந்தவளே, வேரெல்லாம் நனைப்பவளே."

அங்கே சின்னவள் நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை. மூச்சு வாங்காமல் அதே குரலில் அடுத்த வரியையும் எடுத்தாள்.

"இருளெல்லாம் கரைப்பவளே, கருவில் உயிர் காப்பவளே."

விடாமல் முடித்தாள்.

அடுத்தவள் பக்கத்து வரியை எடுத்துச் சொல்வது இந்த வீட்டில் இதுவரை நடக்காத காரியம். இப்போது அடுத்த வரி, முறைப்படி பார்த்தால் சின்னவளுடையது. அவள் சொல்லவில்லை. காத்திருந்தாள்.

பெரியவள் விளக்கிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்ததுபோல இருந்தது. உண்மையில் ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும்.

"பசித்தவர்முன் இருப்பவளே, பாத்திரமாய் நிறைபவளே," என்றாள்.

சின்னவளின் வரி, பெரியவளின் குரலில்.

அங்கிருந்து எல்லாம் இடம் மாறிப் போயிற்று. இவள் வரிகளை அவள் சொன்னாள். அவள் வரிகளை இவள் சொன்னாள். இத்தனை காலம் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டே பழகியவை என்பதால் ஒன்றும் தட்டவில்லை. துதியின் கடைசி வரி எப்போதும் சின்னவள் பக்கம். இன்று அது பெரியவளிடம் போயிருந்தது.

"எங்கேயும் இருப்பவளே, எங்களையும் பொறுப்பவளே."

சொல்லி முடித்துவிட்டுப் பெரியவள் கையைக் கூப்பினாள். சின்னவளும் கூப்பினாள்.

*

வழக்கமாக இதற்குப் பிறகு ஒருத்தி சமையலறைக்கும் ஒருத்தி மாடிக்கும் போய்விடுவார்கள். இன்று யாரும் எழவில்லை.

சின்னவள் வாயைத் திறந்தாள். காலையிலிருந்து யோசித்து வைத்திருந்த வாக்கியம் எங்கேயோ போய்விட்டது.

"ஏன் சட்டை பட்டன் இழுக்குது?" என்றாள் பெரியவள்.

கதவிடம் இல்லை. விசிறியிடம் இல்லை. அவளிடம்.

சின்னவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். ஒரு வாரமாப் படியில ஏறி இறங்கும்போதெல்லாம் பாக்கறேன். மேல இழுக்குது."

"சாப்பாடு... கொஞ்சம் கூடிப்போச்சு அக்கா."

"சாப்பாட்டால வந்தா முதல்ல இடுப்புல பிடிக்கும். இடுப்பு தொளதொளன்னு இருக்கு. நீ ஒழுங்காச் சாப்பிடவே இல்ல. நான் வச்ச தையல், எனக்குத் தெரியாதா?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். சட்டையின் இரண்டாவது பட்டன் உண்மையிலேயே இழுத்துக்கொண்டுதான் இருந்தது. அவள் கவனிக்கவில்லை. தான் குழாய்க்குள் இருக்கும் ரத்தத்தில் பார்த்ததைப் பெரியவள் தள்ளி நின்று சட்டையில் பார்த்துவிட்டாள்.

"பார்த்தாச்சா?" என்றாள் பெரியவள். குரல் தாழ்ந்திருந்தது.

"பார்த்தாச்சு."

"யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் சொல்லல."

"உன் வீட்டுக்காரர்கிட்ட?"

"இல்லக்கா."

"ஏன்?"

"உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு..."

"நீ எங்கே சொன்னே? நான்தான் கண்டுபிடிச்சேன்."

சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டையும் விழுங்கப் பார்த்ததில் விக்கல் எடுத்தது. பெரியவள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, எதிரே உட்காராமல், அத்தையின் காலிப் பாயில் உட்கார்ந்தாள்.

"இதுக்காகத்தான் வீடு மாத்தறீங்களா?"

"அவர் வேலைக்குப் பக்கம்னு..."

"ரெண்டு ஸ்டாப்பு."

"நீங்க தினம் தினம் என்னைப் பாத்துக்கிட்டே இருக்கணுமேன்னுதான் அக்கா, நாள் தள்ளினப்பவே நான் சரின்னேன். வளர வளர..."

பெரியவள் விளக்கின் பக்கம் குனிந்தாள். திரியைத் தூண்டினாள். விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"வலிக்காதுன்னு சொன்னா பொய்," என்றாள். "வலிக்கும். அது என் பாடு. அதுக்கு நீ பெட்டி கட்டினா ஆச்சா?"

சின்னவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னொண்ணு. என்கிட்ட முதல்ல சொல்லணும்னு எதுக்கு? அன்னிக்கு நான் யார்கிட்ட முதல்ல சொல்லணும்னு பஸ்ஸுல நினைச்சுக்கிட்டே வந்தேன்? அது எனக்குக் கிடைக்கல. நீயாவது உன் வீட்டுக்காரர்கிட்ட நீயே சொல்லு. நான் இப்ப எதையும் கேக்கல. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்கும்தான் ஒண்ணும் தெரியாது," என்றது விளக்குக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது; திரும்பினார்கள். போன்!

"அத்தை!" என்றாள் சின்னவள். எந்தத் தப்பை இன்னொரு தடவை செய்யக் கூடாது என்று நாலு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தாளோ, அதே தப்பு, அதே அத்தையிடம்.

"நான் தூங்கிட்டேன்டி. அலைமேல நடந்தீங்க பாருங்க, அப்பவே தூங்கிட்டேன். ஒண்ணும் கேக்கல."

"தூங்கறவங்க பேசுவாங்களா அத்தை?" என்றாள் பெரியவள்.

"தூக்கத்துல பேசறேன்." பிறகு அந்தக் குரல் இறங்கி வந்தது. "பெரியவளே, உன் பக்கத்துல உக்காந்து உக்காந்து அந்த வரியை நான் சத்தமாவே சொல்லிக்கிட்டு வந்தேன். இன்னிக்குப் பாய் காலியா இருக்குமேன்னுதான் போனை வைக்கச் சொன்னேன். போன்ல என் குரல் எடுபடுமோ என்னவோன்னு யோசிக்கறதுக்குள்ள இவ எடுத்துட்டா."

பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அத்தை, அவர்கிட்ட..." என்று சின்னவள் ஆரம்பித்தாள்.

"எவர்கிட்ட? எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. போன தடவை வாங்கினது போதும்டியம்மா. கண்ணோட சேர்த்து வாயையும் மூடிக்கறேன்."

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாக இறங்குவது சின்னவளின் கணவன்தான்.

பெரியவள் சட்டென்று போனை எடுத்து, "வைக்கறேன் அத்தை," என்று அணைத்தாள். எழுந்தாள். இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அந்தச் சட்டையை ராத்திரி கழட்டிக் கொடு. ரெண்டு பக்கமும் பிரிக்கணும். உள்ள நிறையத் துணி விட்டுத்தான் தச்சிருக்கேன். எத்தனை பிரிச்சாலும் வரும்."

"சரிக்கா."

"அப்புறம், நாளையிலேர்ந்து துதியை நீ ஆரம்பி."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். தான் ஆரம்பித்தால் வரிகள் எல்லாம் பக்கம் மாறும். அந்த வரி இனிமேல் தன் பக்கம் வரும். அது புரிந்தது. ஆனால் நாளைச் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தான் இந்த வீட்டில் இருப்பாளா?

அவன் வாசலில் வந்து நின்றான். புது வீட்டுச் சாவி ஒரு வளையத்தில் அவன் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணி, காலையில வண்டி வந்துடும். வெளிக்கேட்டை மட்டும்..." பாதியில் நிறுத்தினான். இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன, பேச்சுச் சத்தம் கேட்டுது? ரெண்டு பேருமா பேசிக்கிட்டு இருந்தீங்க?"

"யார் பேசினா?" என்றாள் பெரியவள். "கதவும் படியும்."

அவன் திருதிருவென்று விழித்தான்.

"உள்ள வந்து உக்காரு தம்பி. அவ ஏதோ உன்கிட்ட சொல்லணுமாம். வண்டி கிண்டியெல்லாம் அப்புறம்."

சொல்லிவிட்டு அவள் உள்ளறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அவன் பாயில் உட்கார்ந்தான். "என்ன விஷயம்? அண்ணி என்கிட்ட இவ்வளவு பேசி எத்தனை நாளாச்சு!"

உள்ளே தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது. நிற்காமல், திரும்பாமல், ஒரே ஓட்டமாக ஓடியது. மாடியிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டே வாழ்ந்தவள் சின்னவள். துணி இருந்தால் சத்தம் அடங்கி வரும், மடிப்பில் கொஞ்சம் திணறும். இப்போது வந்தது வெறும் சத்தம். ஊசிக்கு அடியில் துணி இல்லை. நூல்கூடக் கோத்திருக்க மாட்டாள்.

"சொல்லு," என்றான் அவன். பிறகு கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணிக்குக் கேக்குமா?"

"கேக்காது," என்றாள் சின்னவள்.

அவன் விரலில் சுற்றிக்கொண்டிருந்த சாவியைப் பிடித்து நிறுத்தினாள்.